கேள்வி – பதில்: பிளாக் லிக்கரிலிருந்து பஃப் வரை

காகித ஆலையில் கூழ் காய்ச்சிய பின் மிஞ்சும் கருந்திரவம்தான் பிளாக் லிக்கர். அதில் கரைந்திருக்கும், மரத்தின் நார்களைப் பிணைக்கும் பொருளான லிக்னினைக் கொண்டு பாலியூரித்தேன் ஃபோம் (பஃப்) செய்வது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும், பாலிமர் வேதியியல் துறையினர் தரும் பதில்களும். பல ஹைட்ராக்சில் (OH) முனைகள் கொண்ட பாலியாலும் எம்.டி.ஐ. என்ற ஐசோசயனேட்டும் பிணைந்தே இந்த ஃபோம் உண்டாகிறது.

லிக்னின் பொடியை 20 கிராம் எடுத்து, பஃப் ஊற்றும் 100 கிராம் பாலியாலில் கலந்து எம்.டி.ஐ. சேர்த்தோம். நுரை நன்றாகவே எழும்பியது. மறுநாள் விரலால் அழுத்தினால் உதிர்கிறது. லிக்னினில் ஏராளமான ஹைட்ராக்சில் இருக்கும்போது ஏன் பிணையவில்லை?
– முதுகலை வேதியியல் மாணவர், கரூர்

ஹைட்ராக்சில் இருப்பது உண்மைதான். ஆனால் அது எந்த வகை, எங்கே இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. ஊசியிலை மரத்தின் கிராஃப்ட் லிக்னினை எடுத்துக்கொண்டால், ஒரு கிராமில் சுமார் 6 முதல் 7 மில்லிமோல் ஹைட்ராக்சில் இருக்கும். அதில் ஏறக்குறைய 4 மில்லிமோல் பீனால் வகை, 2 மில்லிமோல் சொச்சம்தான் ஆல்கஹால் வகை. மரத்தில் இருக்கும்போது லிக்னினில் பீனால் இவ்வளவு கிடையாது. கிராஃப்ட் முறையில் கூழ் காய்ச்சும்போது சோடியம் ஹைட்ராக்சைடும் சல்ஃபைடும் சேர்ந்து ஈதர் பிணைப்புகளை அறுப்பதால் புதிய பீனால் முனைகள் பிறக்கின்றன.

பீனால் ஐசோசயனேட்டோடு வினைபுரியும். ஆனால் மெதுவாகப் புரியும், புரிந்த பிறகும் நிலைக்காது. எம்.டி.ஐ. போன்ற அரோமேட்டிக் ஐசோசயனேட், பீனாலோடு சேர்ந்து உண்டாகும் யூரித்தேன் சுமார் 120 டிகிரி செல்சியஸிலேயே பிரியத் தொடங்கும். அதே ஐசோசயனேட் சாதாரண ஆல்கஹாலோடு சேர்ந்தால் 200 டிகிரி வரை தாங்கும். பஃப் எழும்பும்போது பெரிய கட்டியின் நடுப்பகுதி 120 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். உருவான பிணைப்பே அந்தச் சூட்டில் அவிழ்ந்துவிடும்.

நீங்கள் சேர்த்த பொடி பாலியாலில் கரைந்ததா என்று பாருங்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து நுண்ணோக்கியில் பார்த்தாலே தெரிந்துவிடும். துகள் துகளாக இருந்தால் அதன் மேற்பரப்பு மட்டும்தான் வினைக்கு வரும். உள்ளே இருப்பது வெறும் நிரப்பி. ஃபோமின் செல் சுவரைக் கிழித்துக்கொண்டு நிற்கும் மணல்.

இதையெல்லாம் விடப் பெரிய குற்றவாளி ஈரம். திறந்து வைத்த லிக்னின் காற்றிலிருந்து 5 சதவீதம் ஈரத்தை எளிதாக வாங்கிக்கொள்ளும். 20 கிராமில் 1 கிராம் தண்ணீர். தண்ணீரின் சமான எடை (ஒரு சமான வினைக்கு வேண்டிய கிராம்) 9 என்பதால், அந்த 1 கிராம் மட்டும் சுமார் 15 கிராம் எம்.டி.ஐ.யைத் தின்றுவிடும். உங்கள் கணக்கில் அது இல்லை. ஆகவே பாலியாலுக்குப் போக வேண்டிய ஐசோசயனேட் குறைந்துபோனது. அடுத்த முறை பொடியை வெற்றிட அடுப்பில் 50 – 60 டிகிரியில் இரவு முழுவதும் உலர்த்தி, கார்ல் ஃபிஷர் முறையில் ஈரத்தை அளந்த பிறகே எடை போடுங்கள். ஆனால் உலர்த்துவது பாதித் தீர்வுதான். பீனால்களை ஆல்கஹாலாக மாற்றி, லிக்னினைத் திரவத்தில் கரைய வைத்தால்தான் அது பாலியால் ஆகும். அதை மூன்றாம் கேள்வியில் பார்க்கலாம்.

கரும்புச் சக்கைக் கூழ் பிளாக் லிக்கரில் அமிலம் விட்டால் லிக்னின் களிபோல் ஆகி, வடிதாள் அடைத்துக்கொள்கிறது. காய்ந்த பொடியில் சாம்பலும் அதிகம்.
– ஆய்வக உதவியாளர், ஈரோடு

சக்கை, வைக்கோல், மூங்கில் போன்ற புல்லினங்களின் லிக்கரில் கரைந்த சிலிக்கா நிறைய இருக்கும். அமிலத்தன்மை கூடும்போது லிக்னினுக்கு முன்னும், அதோடு சேர்ந்தும் சிலிக்கா படியும். ஒரேயடியாக பி.எச். 2-க்கு இறக்கினால் இரண்டும் ஒன்றாக விழுந்துவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். லிக்கரில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி பி.எச். 10 அளவுக்குக் கொண்டுவந்து, படிகிற சிலிக்காவைத் தெளியவைத்து வடித்துவிடுங்கள். அந்த நிலையில் கொஞ்சம் லிக்னினும் கூடவே போகும். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதன் பிறகு நீர்த்த கந்தக அமிலத்தை மெதுவாக விட்டு பி.எச். 2 – 3 வரை இறக்குங்கள்.

களியாவதற்குக் காரணம் குளிர்ச்சி. அறை வெப்பத்தில் விழும் லிக்னின் மிக நுண்ணிய கூழ்மமாக இருக்கும். கலவையை 60 – 70 டிகிரிக்குச் சூடாக்கி, மெதுவாகக் கலக்கிக்கொண்டே அரை மணி வைத்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளரும், வடிகட்டுவது எளிதாகும். 80-ஐத் தாண்டினால் உருகித் தார்போல் பாத்திரத்தில் ஒட்டும்.

கழுவும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள்: முதல் கழுவலுக்கே வெறும் நீர் ஊற்றுவது. உப்பின் அடர்த்தி திடீரென்று குறைந்து, லிக்னின் உப்பிக் கரையத் தொடங்கும். வடிதாள் மறுபடி அடைக்கும். பி.எச். 2 – 3 உள்ள அமில நீரால் இரண்டு, மூன்று தடவை கழுவி, சோடியம் வெளியேறிய பிறகே சிறிது வெறும் நீர் விடவேண்டும். சாம்பல் 1 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். சோடியம் எஞ்சினால் பின்னால் ஐசோசயனேட் வினையை அது கெடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. சல்ஃபைடு சேர்த்துக் காய்ச்சிய கிராஃப்ட் லிக்கரில் அமிலம் விட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அது உயிரைப் பறிக்கும் வாயு. அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போவதால், வாடை தெரியவில்லை என்று நம்பி நிற்கக்கூடாது. புகைப்பெட்டியும் வாயு எச்சரிக்கைக் கருவியும் இல்லாத இடத்தில் இதைச் செய்யவே வேண்டாம். சல்ஃபைடு இல்லாமல் சோடியம் ஹைட்ராக்சைடு மட்டும் கொண்டு, அதாவது சோடா முறையில், காய்ச்சிய லிக்கரில் கந்தகம் இல்லாததால் கல்லூரி ஆய்வகத்துக்கு அதுவே ஏற்றது.

பெரிய ஆலைகளும் இதே கார்பன் டை ஆக்சைடு வழியைத்தான் பின்பற்றுகின்றன. சுவீடனில் உருவான லிக்னோபூஸ்ட் முறை 2013-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிளிமத் ஆலையிலும், 2015-ல் பின்லாந்தின் சுனிலா ஆலையிலும் வணிக அளவில் ஓடத் தொடங்கியது.

லிக்னினைப் பாலியாலாக மாற்ற புரொப்பிலீன் ஆக்சைடு முறை, கார்பனேட் முறை என்று இரண்டு சொல்கிறார்கள். முனைவர் பட்ட ஆய்வுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? அளவுகளோடு சொல்ல முடியுமா?
– ஆராய்ச்சி மாணவி, கோவை

பழைய, நன்கு நிரூபிக்கப்பட்ட வழி புரொப்பிலீன் ஆக்சைடு. லிக்னின் 20 – 30 பங்கு, ஆக்சைடு 70 – 80 பங்கு, வினையூக்கியாகச் சிறிது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. ஆட்டோகிளேவில் (அழுத்தக் கலனில்) 160 டிகிரிக்கு அருகில் வைக்கவேண்டும். முதலில் அழுத்தம் ஏறும். வினை பற்றிக்கொண்டதும் வெப்பநிலை சட்டென்று எகிறி, ஆக்சைடு தீர்ந்ததும் அழுத்தம் விழும். கிடைப்பது கரும்பழுப்புத் திரவம், ரிஜிட் (கெட்டியான) ஃபோமுக்கு நல்ல பாலியால். கூடவே லிக்னினோடு ஒட்டாத பாலிபுரொப்பிலீன் கிளைக்காலும் கொஞ்சம் உண்டாகும். அது பாகுத்தன்மையைக் குறைக்க உதவும், பிணைப்பு அடர்த்தியையும் குறைக்கும்.

இருந்தாலும் உங்களுக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். புரொப்பிலீன் ஆக்சைடு 34 டிகிரியில் கொதிப்பது. நம் ஊர் வெயிலில் குப்பியைத் திறந்தாலே ஆவியாகும். காற்றில் 2 சதவீதம் சொச்சம் கலந்தாலே தீப்பிடிக்கும், புற்றுநோய் அபாயமும் உண்டு. வெடிப்புத் தடுப்பு வசதியும், பயிற்சி பெற்ற ஆளும் உள்ள பைலட் ஆலைக்கு உரிய வேலை அது.

அதற்குப் பதில் கார்பனேட் முறையை எடுங்கள். எத்திலீன் கார்பனேட் சாதாரண அழுத்தத்தில் வேலை செய்யும். பீனால் முனையில் இரண்டு கார்பன் கொண்ட ஒரு சங்கிலியைச் சேர்த்து, அதன் நுனியில் முதன்மை ஆல்கஹாலை விட்டுவிட்டு, கார்பன் டை ஆக்சைடாக மிச்சத்தை வெளியேற்றும். முதன்மை ஆல்கஹால் ஐசோசயனேட்டோடு வேகமாகப் பிணையும். புரொப்பிலீன் ஆக்சைடு தருவது பெரும்பாலும் இரண்டாம் நிலை ஆல்கஹால், அது மந்தம்.

அளவு இதோ. உலர்ந்த லிக்னின் 20 கிராம். உங்கள் லிக்னினில் பீனால் கிராமுக்கு 4.0, கார்பாக்சில் 0.4 மில்லிமோல் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 88 மில்லிமோல். எத்திலீன் கார்பனேட்டை 1.2 மடங்கு எடுத்தால் 9.3 கிராம். கரைப்பானாகப் பெக்-400 (பாலிஎத்திலீன் கிளைக்கால்), 40 கிராம். அதைப் பிரித்தெடுக்க வேண்டியதில்லை, அதுவே பாலியாலின் பகுதியாகிவிடும். வினையூக்கி, உலர்ந்த பொட்டாசியம் கார்பனேட் 1.2 கிராம்.

முதலில் பெக்கை 80 டிகிரிக்குச் சூடாக்கி, லிக்னினைச் சிறிது சிறிதாகத் தூவிக் கரையுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டிதட்டும், உள்ளே காய்ந்த பொடி நிற்கும். பிறகு எத்திலீன் கார்பனேட்டும் வினையூக்கியும் சேர்த்து, நைட்ரஜன் ஓட்டத்தில் 120 – 130 டிகிரியில் வைத்துக் கலக்குங்கள். சுமார் 2 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும். குமிழ் எண்ணும் குழாய் ஒன்றைப் பொருத்துங்கள். எக்காரணம் கொண்டும் மூடிய பாத்திரத்தில் செய்யாதீர்கள். குமிழ் நின்ற பிறகு இன்னும் ஒரு மணி நேரம் வைத்து மாதிரி எடுங்கள். புரொப்பிலீன் கார்பனேட் என்றால் மந்தம். 150 – 170 டிகிரி தேவைப்படும்.

அவசரப்பட்டு வெப்பத்தையோ கார்பனேட்டையோ கூட்டினால் ஆல்கஹால்களும் வினைக்கு வரும். கார்பனேட் பாலங்கள் உருவாகி, இரண்டு லிக்னின் மூலக்கூறுகளைப் பிணைத்துவிடும். பாகுத்தன்மை எகிறினால் அதுதான் காரணம்.

வினை முடிந்ததும் பொட்டாசியத்தை நடுநிலையாக்க வேண்டும். இதற்கு அசிட்டிக் அமிலம் கைக்கு எட்டுவதாக இருந்தாலும் தொடாதீர்கள். அதனால் உண்டாகும் பொட்டாசியம் அசிட்டேட், ஐசோசயனேட்டை மும்மூன்றாகச் சேர்த்து ஐசோசயனுரேட் வளையமாக்கும் வினையூக்கி, பி.ஐ.ஆர். (பாலிஐசோசயனுரேட்) ஃபோம் செய்வோர் அதற்காகவே விலைகொடுத்து வாங்குகிறார்கள். உங்கள் கலவை எதிர்பாராமல் சூடேறி இறுகும். 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 2 கிராமை 60 – 70 டிகிரியில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வாயு வரும், பொங்கும். உண்டாகும் பாஸ்பேட் உப்பை வெதுவெதுப்பாக இருக்கும்போதே அழுத்த வடிகட்டியில் வடித்து, வெற்றிடத்தில் நீரை எடுத்துவிடுங்கள்.

பெக்கும் கிளிசராலும் கந்தக அமிலத்தோடு சேர்த்து லிக்னினைக் கரைக்கிறோம். ஒரு மணியில் நன்றாகக் கரைந்தது. இன்னும் முழுமையாகட்டும் என்று மூன்று மணி வைத்தால் அடியில் வண்டல் கூடுகிறது.
– பேராசிரியர், மதுரை

கூடத்தான் செய்யும். 150 டிகிரியில் அமிலம் லிக்னினை உடைக்கவும் செய்கிறது, உடைந்த துண்டுகளை மீண்டும் கார்பன் – கார்பன் பிணைப்பால் ஒட்டவும் செய்கிறது. முதல் ஒன்று, ஒன்றரை மணி வரை உடைவது முந்தும்; பிறகு ஒட்டுவது முந்தும். பெக்-400, கிளிசரால் எடையில் 80-க்கு 20, கரைப்பான் லிக்னினைப் போல் நான்கைந்து மடங்கு, அமிலம் கரைப்பானில் 2 – 3 சதவீதம் என்ற அளவில், 15 நிமிடத்துக்கு ஒரு மாதிரி எடுத்து அசிட்டோனில் கரையாத எச்சத்தை எடைபோடுங்கள். எச்சம் மிகக் குறைந்த இடத்தில் நிறுத்தி, பாத்திரத்தை உடனே பனிநீரில் இறக்குங்கள். இந்த முறையில் பீனால் பெரிதாகக் குறையாது என்பதையும் மனத்தில் வையுங்கள். கரைவது வேறு, மாற்றமடைவது வேறு.

ஹைட்ராக்சில் எண்ணைத் தரம் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை. இண்டிகேட்டரின் நிறமாற்றமே தெரியவில்லை.
– தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, ஓசூர்

காப்பி நிறக் கரைசலில் பினால்ஃப்தலீன் எப்படித் தெரியும்? மின்னழுத்த டைட்ரேஷனுக்கு மாறுங்கள். தாலிக் அன்ஹைட்ரைடு முறையும் வேண்டாம், அது பீனாலை ஒழுங்காகப் பிடிக்காது. அசிட்டிக் அன்ஹைட்ரைடு முறையைப் பயன்படுத்தி, அமில எண்ணைத் தனியே அளந்து திருத்தம் செய்யுங்கள்.

மொத்த எண் தெரிந்தால் மட்டும் போதாது, வகை தெரியவேண்டும். அதற்கு பாஸ்பரஸ்-31 என்.எம்.ஆர். போல் வேறொன்றில்லை. உலர்ந்த மாதிரி 30 மில்லிகிராம். பிரிடின், டியூட்ரேட்டட் குளோரோஃபார்ம் 1.6-க்கு 1, உள்நியமப் பொருள், சிறிது குரோமியம் அசிட்டைல்அசிட்டோனேட், கடைசியில் டி.எம்.டி.பி. என்ற பாஸ்போலேன் வினைப்பொருள் 0.1 மில்லிலிட்டர். ஆல்கஹால் 150 முதல் 145 பி.பி.எம். வரை, பீனால் 144-லிருந்து 137 வரை, கார்பாக்சில் 135-ஐ ஒட்டி வரும். 132.2-ல் எழும் கூர்முனை தண்ணீரால் வந்தது. 175-ல் மிச்ச வினைப்பொருளின் முனை தெரியாவிட்டால், ஈரம் எல்லாவற்றையும் குடித்துவிட்டது என்று பொருள். அந்த அளவீட்டைத் தூக்கி எறியுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து, பீனால் பகுதி மறைந்து ஆல்கஹால் பகுதி அதே அளவு உயர்ந்திருந்தால் வினை சரி. பீனால் குறைந்து ஆல்கஹால் உயரவில்லையென்றால் லிக்னின் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மில்லிமோலை 56.1-ஆல் பெருக்கினால் வணிகத்தில் சொல்லும் ஹைட்ராக்சில் எண் வந்துவிடும்.

இந்தப் பாலியாலுக்கு எம்.டி.ஐ. எவ்வளவு?
– சிறுதொழில் முனைவோர், திருப்பூர்

மேலே சொன்ன பெக் கலவையின் ஹைட்ராக்சில் எண் கணக்குப்படி சுமார் 285 வரும். ரிஜிட் ஃபோமுக்கு அது போதாது. 100 கிராமுக்கு 8 கிராம் கிளிசரால் சேர்த்தால் 400-ஐத் தொடும். கிளிசராலின் மூன்று கைகள் பிணைப்பையும் இறுக்கும். சேர்க்காவிட்டால் ஃபோம் எழும்பிவிட்டு மறுநாள் சுருங்கும்.

இனி 100 கிராம் கலவைக்கு: 100-ஐ 400-ஆல் பெருக்கி 56,100-ஆல் வகுத்தால் 0.713 சமானம். நுரைக்காகச் சேர்க்கும் தண்ணீர் 2 கிராம், 0.222 சமானம். கூட்டினால் 0.935. உங்கள் பாலிமெரிக் எம்.டி.ஐ.யில் என்.சி.ஓ. (ஐசோசயனேட் தொகுதி) 31 சதவீதம் என்றால் அதன் சமான எடை 135.5. பெருக்கினால் 127 கிராம். 110 இண்டெக்ஸுக்கு, அதாவது 10 சதவீதம் கூடுதலாக, 139 கிராம். சிலிக்கோன் சர்ஃபாக்டன்ட் 2 கிராமுக்கு உள்ளாக. அமீன் வினையூக்கியை வழக்கத்தில் பாதியில் தொடங்குங்கள். முதன்மை ஆல்கஹால் வேகமானது, எஞ்சிய காரமும் வேகத்தைக் கூட்டலாம். பாலியாலில் ஏற்கெனவே அரை சதவீதம் ஈரம் இருந்தால் இன்னும் 7.5 கிராம் எம்.டி.ஐ. வேண்டும். அதனால்தான் ஈரத்தை அளக்காமல் எந்தக் கணக்கும் நிற்காது என்கிறோம்.

கலவை கெட்டியாக இருந்தால் 40 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றுங்கள். 100 கிராம் கோப்பைச் சோதனையில் பாலாகும் நேரம், நூலிழுக்கும் நேரம், ஒட்டாமல் காயும் நேரம் மூன்றையும் குறித்த பிறகே அச்சுக்குப் போங்கள்.

ஐசோசயனேட் என்றாலே போபால் நினைவு வருகிறது. இதுவும் அதே வாயுவா?
– இல்லத்தரசி, விருத்தாசலம்

இல்லை அம்மா. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். பூச்சிக்கொல்லி செய்ய வைத்திருந்தது, 39 டிகிரியில் கொதிக்கக்கூடியது. எம்.டி.ஐ. கனமான திரவம், அறை வெப்பத்தில் மிகமிகக் குறைவாகவே ஆவியாகும். முழுதாக வினைபுரிந்து இறுகிய ஃபோமில், உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் சுவரில் இருப்பதுபோல், அது தனியாக இருப்பதில்லை. ஆனால் வேலை செய்வோருக்கு ஆபத்து உண்டு. தெளிக்கும்போதோ சூடாக்கும்போதோ மூச்சில் போனால் ஒவ்வாமை ஆஸ்துமா வரும். ஒருமுறை வந்தவர்கள் அந்த வேலைக்குத் திரும்பவே முடியாமல் போவதுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல், பயிற்சிச் சான்று இல்லாமல் டை-ஐசோசயனேட்டைத் தொழில்முறையில் கையாளக்கூடாது. நம் பட்டறைகளிலும் அந்தக் கண்டிப்பு வரவேண்டும்.

'தாவர ஃபோம்' என்று விளம்பரம் செய்யலாமா?
– அதே திருப்பூர் வாசகர்

எடைபோட்டுப் பாருங்கள். மேலே உள்ள 100 கிராம் கலவையில் லிக்னின் 28 கிராம். எம்.டி.ஐ.யும் தண்ணீரும் சேர்ந்த மொத்தம் 241. ஆக, ஃபோமில் லிக்னின் 12 சதவீதத்தை ஒட்டித்தான். தாவர எண்ணெயிலிருந்து வந்த கிளிசராலையும் சேர்த்தால் 15. பெக்கும் எத்திலீன் கார்பனேட்டும் எம்.டி.ஐ.யும் பெட்ரோலியம். '12 சதவீதம் லிக்னின்' என்று அச்சிடுங்கள், அதுவே நாணயம். தாவரக் கார்பனின் பங்கை கார்பன்-14 சோதனையில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடியும்.

தாவரப் பங்கைக் கூட்டவேண்டும் என்றால் பெக்கில் ஒரு பகுதிக்கு ஆமணக்கெண்ணெயைப் போடத் தோன்றும். உலகிலேயே அதிகம் விளைவிப்பது இந்தியாதான். ஆனால் அதன் ஹைட்ராக்சில் எண் 160 சொச்சம்தான், லிக்னினையும் அது சரியாகக் கரைக்காது. கிளிசராலோடு வினைபுரியவைத்து மோனோகிளிசரைடாக்கிய பிறகு சேர்த்தால் எண்ணும் உயரும், கலப்பும் சீராகும்.

லிக்னின் ஃபோமை வெள்ளையாக்க முடியுமா? ஒரு புகை வாடையும் அடிக்கிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

வெள்ளையாகாது. வெளுத்தால் நீங்கள் பாடுபட்டு வைத்த ஹைட்ராக்சில்களும் சிதையும். இரண்டு தகடுகளுக்கு நடுவே மறையும் பஃப் பேனல், குளிர்பதனக் கிடங்குச் சுவர், குழாய் உறை போன்றவற்றுக்குப் பயன்படுத்துங்கள். அங்கே நிறத்தை யாரும் பார்ப்பதில்லை. புகை வாடை குவாயகாலால் வருவது. கிராஃப்ட் லிக்னின் என்றால் கந்தகச் சேர்மங்களும் சேரும். மாற்ற வினைக்கு முன் லிக்னினை வெற்றிடத்தில் நீண்ட நேரம் வைத்தால் வாடை குறையும். உட்காரும் இருக்கைக்கும் மெத்தைக்கும் என்றால் கந்தகமில்லாத சோடா லிக்னினையோ ஆர்கனோசால்வ் (கரிமக் கரைப்பானில் பிரித்த) லிக்னினையோ தேடிப் போங்கள்.